சுரங்கத் தொழிலாளியின் கண்

பிழைப்பை நாடித் தமிழகத்தின் எல்லையைக் கடந்தவர்களின் வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனியிடம் உண்டு. தில்லியின் கரோல்பாகில் தமிழ்க் கடைகள் தோன்றுவதற்கு முன்பே, வட ஆர்க்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று குடியேறினார்கள். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் லண்டன் கம்பெனி 1880-ஆம் ஆண்டில் அங்கே காலூன்றியது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம், உரிகம் என்ற பெயர்களோடு சுரங்கங்கள் ஆழ்ந்துகொண்டே போயின. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று வெள்ளைக்காரர் பெயர் தாங்கிய பேட்டைகளில் தமிழ் ஒலித்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரையில், ஏறத்தாழ 800 டன் பொன் அம்மண்ணிலிருந்து வெளிவந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

பொன்னைப் பற்றிப் பேசியவர் பலர். பொன்னைத் தோண்டியவனின் கண்ணைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். பட்டப் பகலிலும் நள்ளிரவையே காண்பது அவன் தொழில். கண் என்பது ஒளியைக் கொண்டு வாழும் உறுப்பு. ஒளியில்லாத இடத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் அதனை வேலை வாங்கினால் அதற்கு என்ன நேரும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில், இன்று கண்ணைச் சோதிக்கப் பயிலும் மாணவர்கள் கற்கவேண்டிய ஆராய்ச்சி முறை ஏறக்குறைய முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆப்டோமெட்ரி என்று சொல்லப்படும் பார்வை அளவியல், கத்தியை எடுக்கும் கண் வைத்தியம் அன்று. கண்ணாடி விற்கும் வாணிகமும் அன்று. பார்வையை அளந்து, குறையைக் கண்டு, கண்ணாடியால் தீர்வதைக் கண்ணாடியால் தீர்த்து, நோய் இருப்பின் வைத்தியரிடம் அனுப்பும் கலை அது. நம் நாட்டில் அதற்கென முதற் பள்ளிகள் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1958-ஆம் ஆண்டில், அலிகாரிலும் ஐதராபாத்திலும் ஏற்பட்டன. சென்னையில் சங்கர நேத்ராலயத்தின் ஆதரவில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-ஆம் ஆண்டில் தோன்றி, பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகத்தோடு இணைந்து நான்காண்டுப் பட்டப் படிப்பை நடத்தத் தொடங்கியது. இன்று நாடெங்கும் இப்படிப்புக்குக் கல்லூரிகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று இத்தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. பாடத்திட்டத்தில் ஆராய்ச்சி முறையும் உயிரியல் புள்ளியியலும் இடம்பெற்றிருக்கின்றன.

இடம்பெற்றிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் மாணவருக்கு அப்பாடத்தில் விருப்பம் பிறப்பதில்லை. கண்ணின் உட்புறத்தை முதன்முறை விளக்கால் பார்க்கும் மாணவிக்கு ஏற்படும் வியப்பு, மாதிரியின் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தைப் பார்க்கும்போது ஏற்படுமா? வரையறைகளை வாய்ப்பாடு போல ஒப்பித்துத் தேர்வெழுதிவிட்டு மறந்துபோகிறார்கள். குற்றம் மாணவர்மீது மட்டும் இல்லை. ஒரு முறை எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் முறையை மட்டும் சொன்னால் அது சடங்காகவே தோன்றும். அந்தத் தேவையைக் காண வேண்டுமானால் கோலாரை விட்டுச் சிறிது நேரம் ஐரோப்பாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்லவேண்டும்.

பெல்ஜிய நாட்டு வைத்தியர் டெகொண்டே 1861-ஆம் ஆண்டில் விசித்திரமான ஒரு நோயை விவரித்தார். நிலக்கரி வெட்டுபவர்களில் சிலருடைய கருவிழிகள் நில்லாமல் ஊசலாடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு விளக்குகள் கூத்தாடுவதுபோல் தோன்றும், தலை சுற்றும், பகல் வெளிச்சம் கூசும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இமைகளைத் தாழ்த்தி நடப்பார்கள். அந்தி நேரத்தில் வழி தெரியாமல் தடுமாறுவார்கள். சுரங்கத்தை விட்டு மேலே வந்து பல மாதங்கள் ஓய்ந்திருந்தால் சிலருக்குக் குணமாகும். மறுபடி இறங்கினால் திரும்பும். இதனைச் சுரங்க விழியாட்டம் என்று தமிழில் சொல்லலாம்.

காரணம் என்ன? இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கண் வைத்தியர் சிமியன் ஸ்னெல் 1892-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் நாற்காலியில் அமர்ந்து கற்பனை செய்தவர் அல்லர். சுரங்கத்துள் தாமே இறங்கித் தொழிலாளி வேலை செய்யும் கோலத்தை நேரில் கண்டவர். கரிப்பாளத்தின் அடிப்பாகத்தைக் குடைபவன் ஒருக்களித்துப் படுத்து, கழுத்தை மடக்கி, கண்ணை மேல்நோக்கிச் செருகிக்கொண்டு கடப்பாறை வீசுகிறான். மணிக்கணக்கில் மேல்நோக்கிய கண்ணின் தசைகள் களைத்துப்போகின்றன. அக்களைப்பே ஆட்டமாக வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. அவரிடம் வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் குடைபவர்களாகவே இருந்தது அக்கொள்கைக்கு வலுவூட்டிற்று.

மறுபக்கத்தில், சுரங்க வட்டாரங்களில் பணியாற்றிய கோர்ட் போன்ற வைத்தியர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். குற்றம் கோலத்தில் இல்லை, விளக்கில் இருக்கிறது என்றார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் எரிவாயு கசியும். திறந்த சுடர் பட்டால் வெடிக்கும். அதற்காகவே 1815-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி கம்பிவலை சூழ்ந்த காப்பு விளக்கை இயற்றினார். உயிரைக் காத்த அந்த வலை ஒளியையும் விழுங்கிற்று. ஒரு மெழுகுவர்த்தி தரும் ஒளிகூட அந்த விளக்கிலிருந்து கிடைக்கவில்லை. அந்தச் சிற்றொளியும் விழுவது எதன்மீது? கரியின்மீது. கரி ஒளியைத் திருப்பித் தருவதில்லை.

நேயர்களில் மணமானவர்கள் அருந்ததி பார்த்திருப்பீர்கள். பகலில் நடக்கும் திருமணமானால் புரோகிதர் சுட்டிய திசையில் தலையை ஆட்டியதோடு முடிந்திருக்கும், அது போகட்டும். இரவில் உண்மையாகவே மங்கலான விண்மீன் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நேரே உற்று நோக்கினால் மறைந்துவிடும். சற்று ஓரமாக நோக்கினால் புலப்படும். விழித்திரையின் நடுப்புள்ளி நல்ல வெளிச்சத்தில் மட்டுமே வேலை செய்வது. மங்கலொளியில் அதற்குக் குருட்டுத்தன்மை வந்துவிடுகிறது. ஓரத்திலுள்ள வேறு வகை உயிரணுக்களே இருளில் பார்க்கின்றன. கரிச் சுரங்கத்தில் வேலை செய்பவனுடைய கண், ஒரு பொருளின்மேல் நிலைத்து நிற்பதற்கு வேண்டிய நடுப்பார்வையை இழந்துவிடுகிறது. நங்கூரம் அறுந்த தோணி அலைவதுபோல விழி அலைகிறது. விளக்கைக் காரணமாகச் சொன்னவர்களின் வாதத்துக்கு உடலியல் தந்த அடிப்படை இது.

இரண்டு கொள்கைகளும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. ஆராய்ச்சி முறை பயிலும் மாணவர்க்கு இவ்விடத்தில்தான் நிறுத்திச் சொல்லவேண்டும்: நியாயமாகத் தோன்றுவது சான்று ஆகாது. குடைபவன் மிக மோசமான கோலத்தில் கிடக்கிறான். மிக மங்கிய ஒளியிலும் அவனே கிடக்கிறான். இரண்டும் ஒருவனிடமே ஒட்டிக்கொண்டிருக்கும்போது, நோய்க்குக் காரணம் எது என்று அவனை மட்டும் ஆயிரம் முறை சோதித்தாலும் தெரியாது. கோலம் இருந்து இருள் இல்லாதவனை வேறெங்காவது தேடிப் பிடிக்கவேண்டும்.

இது பண்டிதர்களின் சொற்போர் மட்டுமாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு நேரம் செலவிட வேண்டியதில்லை. பிரிட்டனில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ் இந்நோய் 1907-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. கோலமே காரணம் என்றால் அது தொழிலின் இயல்பு, யாரும் மாற்ற முடியாத விதி. விளக்கே காரணம் என்றால் நல்ல விளக்குத் தரவேண்டிய கடமை முதலாளியுடையது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அந்த விடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பொன் சுரங்கத்துப் பக்கம் திரும்புவோம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதி வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் பேர்போனது. அங்குள்ள தொழிலாளி பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய தொப்பியின் முன்புறத்தில் ஒரு களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு இறங்குவான். உலோகச் சுரங்கங்களில் கரிச் சுரங்கத்து எரிவாயுத் தொல்லை இல்லையாதலால் திறந்த சுடருக்குத் தடையில்லை. குறுகிய பொந்துகளில் அவனும் உடலை எட்டுக் கோணலாக மடக்கித்தான் பாறையை உடைத்தான். ஆயினும் அவனுக்கு விழியாட்டம் காணப்படவில்லை. கோலம் உண்டு, திறந்த சுடரின் ஒளியும் உண்டு, நோய் இல்லை! தேடிய ஆள் கிடைத்துவிட்டான். எரிவாயு இல்லாததால் திறந்த விளக்கை வைத்துக்கொண்ட கரிச் சுரங்கத் தொழிலாளரையும், காப்பு விளக்கு ஏந்தியவர்களையும் ஒப்பிட்டபோதும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. லிஸ்டர் லூயெல்லின் 1912-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த குழு 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் அறிக்கையிலும் ஒளிக்குறைவே அடிப்படைக் காரணம் என்ற முடிவு உறுதிப்பட்டது. தலையில் மாட்டும் மின்விளக்குகள் பரவிய பிறகு அந்நோய் படிப்படியாக அருகி மறைந்தது.

அந்தக் கார்ன்வால் தொழிலாளர்களில் பலர் கோலாருக்கு வந்தவர்கள். ஜான் டெய்லர் கம்பெனி அவர்களை மேற்பார்வைக்கு அழைத்து வந்தது. கோலாரின் பொன்னோ வெண்மை கலந்த படிகக் கல்லில் பதிந்து கிடப்பது. கரியைப் போல் ஒளியை விழுங்குவதன்று. ஆகவே, ஷெஃபீல்டு வைத்தியரின் நோயாளிக்கு நேர் எதிரே நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க தொழிலாளி மாரிக்குப்பத்துத் தமிழன்தான். ஆராய்ச்சி நூல்கள் ஒப்புக் குழு என்று சொல்வது இதையே. மாணவர்கள் இச்சொல்லைக் கேட்டவுடன் ஆய்வுக்கூடத்து வெள்ளெலியை நினைத்துக்கொள்கிறார்கள். ராபர்ட்சன்பேட்டையில் தலைக்கு விளக்கு மாட்டிக்கொண்டு கூண்டில் இறங்கும் மனிதனை நினைத்தால் அதன் பொருள் என்றும் மறக்காது.

ஒளி என்று சொன்னதும் கோலாரைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி கட்டி 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே. மற்றொன்று, இருளைப் பற்றியது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலை விலக்குவதற்காக டாட்டா ஆராய்ச்சிக் கழகத்து விஞ்ஞானிகள், ஒசாகா, டர்ஹம் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். 1965-ஆம் ஆண்டில் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை அங்கே கண்டார்கள். வேண்டாதவற்றை விலக்கினாலன்றி வேண்டியது தெரியாது என்பது பௌதிகத்துக்கும் கண் ஆராய்ச்சிக்கும் பொதுவான விதி.

விழியாட்டத்தின் கதை விளக்கோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடக்கூடாது. 1932-ஆம் ஆண்டில் வந்த மூன்றாவது அறிக்கை மன நோவைப் பற்றியும் பேசவேண்டியதாயிற்று. விழி ஆடுபவர்களில் எல்லாரும் வேலையை விடவில்லை. வேலையை விட்டவர்களில் எல்லாருடைய துன்பமும் விழியாட்டத்தோடு நிற்கவில்லை. நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்று ஒரு சாராரும், நெடுநாள் அச்சத்தாலும் வேலையின்மையாலும் மனம் நொந்தவர்கள் என்று மறு சாராரும் வாதிட்டார்கள். நோயாளி சொல்லும் வேதனையை எந்தக் கோலால் அளப்பது? இன்றும் கணினித் திரையின் முன் அமர்ந்து கண் எரிகிறது என்று சொல்பவரிடம் இதே சங்கடம் எழுகிறது. அறிகுறியை அளக்கும் வினாத்தாள் ஒன்றை மாணவன் தயாரிக்கும்போது, இருமுறை கேட்டால் ஒரே விடை வருகிறதா, அது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்று சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

கோலாரில் நடந்த பெரிய ஆராய்ச்சி கண்ணைப் பற்றியதன்று, நெஞ்சைப் பற்றியது. படிகக் கல்லின் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயை அறிவதற்காக, 1940 முதல் 1946 வரையில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு அந்நோய் இருந்தது. ஒரு கணம் அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். கூண்டில் ஐவர் இறங்கினால் இருவருக்கு நெஞ்சில் கல். 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த அறிக்கையில் பங்குகொண்ட ஆந்தனி கேப்லன் என்னும் வைத்தியர், பின்னர் வேல்ஸ் நாட்டுக்குச் சென்று, மூட்டுவாதம் உள்ள கரிச் சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சுப் படத்தில் தோன்றும் தனிவகை உருண்டை நிழல்களை 1953-ஆம் ஆண்டில் விவரித்தார். இன்றும் அதற்குக் கேப்லன் பெயரே வழங்குகிறது. கோலாரில் படம் படித்துப் பழகிய கண் வேல்ஸில் புதியதைக் கண்டுகொண்டது என்று நான் எண்ணுவதுண்டு.

ஆனால் 43.7 என்பதைப் படிக்கும் மாணவன் வியப்போடு நின்றுவிடக்கூடாது. இவ்வகைக் கணக்கு எதுவாயினும் முதலில் எழவேண்டிய கேள்வி, கணக்கில் வராமற்போனவர் யார் என்பது. வேலையில் இருப்பவர்களைச் சோதித்தால், மூச்சுத் திணறி வேலையை விட்டு ஆம்பூருக்கோ திருப்பத்தூருக்கோ திரும்பியவர் அதில் இடம்பெறார். இறந்தவரும் இடம்பெறார். எனவே சுரங்கவாயிலில் எடுக்கும் கணக்கு நோயைக் குறைத்துச் சொல்லுமே தவிரக் கூட்டிச் சொல்வது அரிது. இன்னொரு கேள்வியும் உண்டு. 43.7 என்பது அக்காலத்தில் நோயோடு இருந்தவர்களின் பங்கு. ஓராண்டில் புதிதாக நோய்வாய்ப்படுவோர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவ்விரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்துவிட்ட அரசாங்க அறிக்கைகளைக் கண்டு பேனாவைக் கீழே வைத்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. இருப்பு வீதம் என்றும் புது நிகழ்வு வீதம் என்றும் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? குளத்தில் நிற்கும் நீர் ஒன்று. வாய்க்காலில் வந்து சேரும் நீர் மற்றொன்று. குளம் வற்றியிருப்பதைக் கண்டு வாய்க்கால் அடைபட்டது என்று முடிவுகட்டலாகாது, மடை திறந்திருக்கலாம்.

கணக்கில் வராதவர் என்ற இக்கேள்வியைக் கண் வைத்தியத்துக்கு உள்ளேயே காட்டுவதற்குச் சென்னை எழும்பூரைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்குள்ள அரசாங்கக் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தொடங்கியது. லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்த பழமை அதற்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட், நாட்டு வைத்தியர்கள் ஊசியால் கண்புரையைப் பின்னுக்குத் தள்ளும் பழைய சிகிச்சையை ஆராய்ந்தார். அச்சிகிச்சை பெற்றபின் தம் மருத்துவமனைக்கு வந்த 780 பேரின் விவரங்களைத் திரட்டி 1918-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கண்ணிழந்தவர் தொகை நெஞ்சை உலுக்குவது. அந்த முறையின் கேடுகளை ஐயமற நிலைநாட்டிய உழைப்பு அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் வகுப்பறையில் அந்நூலை விரித்து வைத்து ஒன்று கேட்கலாம்: ஊசி குத்திக்கொண்டு பார்வை பெற்றவன் எழும்பூருக்கு எதற்காக வருவான்? அவன் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருப்பான். வந்தவர்களைக் கொண்டு தீமை உண்டு என்று சொல்லலாம். நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல, வராதவர்களின் ஊருக்குப் போகவேண்டும்.

பிற்காலத்தில் ஊருக்கே போனார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தவர்கள் தென் மாவட்டங்களின் சிற்றூர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்தார்கள். கண்ணீர் அழுத்த நோய் என்று மக்கள் சொல்லும் கிளாக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குத் தமக்கு அந்நோய் உண்டு என்பதே அதுவரை தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இவ்வுண்மை கிடைத்திருக்காது.

இனி அளவுகோலைப் பற்றி ஒரு சொல். பார்வையை அளக்க ஸ்னெல்லன் என்னும் டச்சு வைத்தியர் 1862-ஆம் ஆண்டில் எழுத்தட்டையை அமைத்தார். வரிக்கு வரி எழுத்தின் எண்ணிக்கை மாறும் குறை அதில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லோவி இருவரும் ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்துக்கள் வைத்து, அளவும் இடைவெளியும் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டு போகுமாறு புதிய அட்டையை வகுத்தார்கள். ஆராய்ச்சிக்கு இன்று வழங்குவது அவ்வகை அட்டையே. ஆனால் ஆங்கில எழுத்தறியாதவருக்கு அது எதற்கு உதவும்? 2009-ஆம் ஆண்டில் தமிழ் எழுத்துக்களைக் கொண்டு அத்தகைய அட்டையை உருவாக்கிச் சரிபார்த்த ஆய்வு ஒன்று சென்னையிலிருந்து வெளியாயிற்று. இது எளிய வேலை என்று எண்ணவேண்டாம். ட என்னும் எழுத்து இரண்டு கோடுகள்; ஞ என்பதோ சுழியும் கொம்பும் சேர்ந்த சித்திரம். இரண்டையும் ஒரே அளவில் எழுதினாலும் ஒன்றுபோலத் தெரியா. படிப்பதற்குச் சமமான கடினமுள்ள எழுத்துக்களைப் பொறுக்கியெடுக்கவேண்டும். பின்னர் இருமொழியும் தெரிந்தவர்களிடம் பழைய அட்டையோடு ஒப்பிட்டு நோக்கவேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று, அட்டையிலுள்ள எழுத்து தெரியாமல் அவர் மௌனமாக இருந்ததைப் பார்வைக்குறை என்று குறித்துக்கொண்டதை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கண் ஆராய்ச்சிக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. மனிதனுக்குக் கண் இரண்டு. நூறு பேரைச் சோதித்த மாணவன் இருநூறு கண்கள் என்று பெருமையோடு எழுதிவிடுகிறான். ஒருவனுடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே குருதியால் வளர்ந்து, ஒரே வெயிலில் அலைந்து, ஒரே வயதை அடைந்தவை. அவற்றைத் தனித்தனிச் சான்றாகக் கொள்வது, ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றி, இருவர் சொன்னார்கள் என்று தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும். இப்பிழையைப் புள்ளியியலார் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வருகிறார்கள்; இன்றும் அது முற்றும் ஒழிந்தபாடில்லை.

இவற்றையெல்லாம் கற்ற மாணவர் குழு ஒன்று தங்கவயலிலேயே ஓர் ஆய்வு நடத்த முன்வருவதாக வைத்துக்கொள்வோம். சுரங்கம் மூடிய பின் அவ்வூர் மக்களின் பார்வை எவ்வாறு இருக்கிறது என்பது கேள்வி. முதலில் தோன்றும் யோசனை, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டுக் கண் பரிசோதனை முகாம் என்று அறிவிப்பது. நல்ல கூட்டம் வரும். வருபவர் யார்? கண்ணில் ஏதோ குறை இருப்பதாக எண்ணுபவர். நடந்துவரக் கால் உள்ளவர். பகலில் வீட்டில் இருப்பவர். பார்வை முற்றும் போன முதியவர் கையைப் பிடித்து அழைத்துவர ஆளின்றித் திண்ணையில் இருப்பார். உழைக்கும் வயதில் உள்ள ஆணும் பெண்ணும் அங்கே இருக்கவே மாட்டார்கள். சுரங்கம் போன பிறகு தங்கவயலில் மிகப் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே முகாம் வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லவேண்டியிருக்கும். தெருக்களையும் பழைய தொழிலாளர் குடியிருப்புகளின் வரிசைகளையும் பட்டியலிட்டு, அவற்றில் எந்தெந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது சுலபம், அது கூடாது. பூட்டிய வீட்டுக்காரர்தான் ரயிலில் போனவர். சோதிப்பவருக்கு, எதிரே இருப்பவர் சுரங்கத்தில் வேலை செய்தவரா இல்லையா என்பது தெரியாமலிருப்பது நல்லது. தெரிந்தால், இன்னும் ஒரு எழுத்து பாருங்கள் ஐயா என்று ஒருவரை ஊக்கவும் மற்றவரை ஊக்காமல் விடவும் மனம் தன்னை அறியாமலே துணியும். தமிழ் படிப்பவருக்குத் தமிழ் அட்டை, கன்னடம் படிப்பவருக்குக் கன்னட அட்டை, எழுத்தே அறியாதவருக்கு எழுத்தில்லா அட்டை வேண்டும். இத்தனையும் செய்தபின் பூட்டிய கதவுக்கு மறுபடி போகவேண்டும். பெங்களூரிலிருந்து மாலை வண்டி வந்து, ஆட்கள் வீடு சேர்ந்து, கை கால் கழுவிக்கொண்ட பிறகு தட்டவேண்டும். வீட்டில் எரிவது ஒற்றை விளக்காக இருக்கலாம். எனவே அட்டையோடு, அதன்மேல் போதிய ஒளி விழச் செய்யும் விளக்கையும் அவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.